பாதி உருவில் நிற்பவர்

(நாகலாபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



இலக்கியச் சொற்பொழிவு என்றால் சங்கப் பாடலோ கம்பனோ பேசப்படும் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது, உங்கள் வீட்டுப் பெண்ணும் பையனும் இரவில் போர்வைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு படிக்கும் கதைகளை. பகலில் மனிதன், இரவில் ஓநாய். கோபம் வந்தால் சிறுத்தை. நிலா வந்தால் நாகம். அவனையோ அவளையோ ஒருவர் காதலிக்கிறார். கதை போகப் போகத் தெரிகிறது: அந்த விலங்கு உருவத்துக்குள் அடிபட்ட குழந்தை ஒன்று இருக்கிறது. அந்தக் காயம் ஆறுவதுதான் கதை.

ஆங்கிலத்தில் இந்த வகை பெரிய சந்தையாக வளர்ந்திருக்கிறது. 2005-இல் வந்த ஸ்டெஃபனி மேயரின் ‘ட்விலைட்’ நாவலைப் பலரும் அறிவீர்கள். அடுத்த ஆண்டு நளினி சிங் ‘ஸ்லேவ் டு சென்சேஷன்’ என்ற நாவலை எழுதினார். பிஜித் தீவில் இந்திய வம்சாவளியில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்தவர் அவர். அந்த நாவலின் நாயகன் சிறுத்தையாக மாறக்கூடியவன். சிறுவயதில் பெற்றோரைக் கொடூரமாக இழந்தவன். நாயகி, உணர்ச்சியே குற்றம் என்று சட்டம் வைத்திருக்கும் ஒரு கூட்டத்தில், சிரிக்கவும் அழவும் விடாமல் வளர்க்கப்பட்டவள். ஒருவருக்குக் கொடுமையான குழந்தைப் பருவம், மற்றவருக்கு உறைந்துபோன குழந்தைப் பருவம். இந்த இருவரும் சந்தித்தால் என்ன ஆகும் என்பதே நாவல். இதைக் குப்பை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் ஒதுக்க மாட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றை ஒரு பிள்ளை இந்தக் கதைகளில் தேடுகிறது என்றால், அது என்ன தேடுகிறது என்று பார்க்கிற கடமை இலக்கியம் படித்தவர்களுக்கு உண்டு.

உருமாறியவரை மனிதராக்குவதால் காயம் ஆறுவதில்லை. பாதி உருவில் நிற்கும்போதும் அஞ்சாமல், அவசரப்படுத்தாமல், சொன்ன சொல் தவறாமல் ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் ஆறுகிறது. இதுதான் இன்று நான் சொல்ல வந்தது. இதை நம் பழங்கதைகள் நன்றாக அறிந்திருந்தன. இன்றைய உருமாற்றக் காதல் கதைகள் பல இடங்களில் இதை மறந்துவிடுகின்றன. இதற்கான சான்றுகள் பெரும்பாலும் இந்த ஊரிலும் இதைச் சுற்றியுமே கிடைக்கின்றன.

1. கருவறையில் உள்ள உருவம்

இந்த நாகலாபுரம் கோயிலின் மூலவர் வேதநாராயணப் பெருமாளை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஸ்ரீதேவியும் பூதேவியும் இருபுறமும் நிற்க, இடுப்புக்கு மேல் திருமால், இடுப்புக்குக் கீழ் மீன். மச்சாவதாரத்தை ஓவியத்திலும் தூண் சிற்பத்திலும் எங்கும் பார்க்கலாம். அதை மூலவராகவே வைத்து நித்திய பூஜை செய்யும் கோயில்கள் மிக அரிது. சோமுகாசுரன் வேதங்களைக் களவாடிக் கடலுக்குள் ஒளித்தான். பெருமாள் மீனாகிக் கடலில் இறங்கி நெடுங்காலம் போரிட்டு மீட்டார் என்பது தலபுராணம்.

வேதம் கிடைத்துவிட்டது, போர் முடிந்துவிட்டது. அப்படியானால் மீன் உருவம் போயிருக்க வேண்டுமே? போகவில்லை. மீட்ட வேலை முடிந்த பிறகும், கடலின் அடையாளத்தை உடலில் வைத்துக்கொண்டே அவர் நிற்கிறார். பாதி மீனாக இருக்கிறாரே என்று பக்கத்தில் நிற்கும் தேவியர் விலகிவிடவில்லை. அந்த உருவத்துக்கே அலங்காரம், அந்த உருவத்துக்கே ஆரத்தி.

அடுத்தது சூரிய பூஜை. பங்குனியில், மார்ச் மாதக் கடைசி வாரத்தை ஒட்டி, மாலைச் சூரியனின் ஒளி நீண்ட பிராகாரங்களைக் கடந்து மேற்கு நோக்கிய கருவறைக்குள் மூன்று நாள் விழுகிறது. முதல் நாள் திருவடியில். இரண்டாம் நாள் நாபியில். மூன்றாம் நாள் நெற்றியில். இதற்கு ஊரார் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள்: பெருமாள் குளிர்ந்த கடலுக்குள் நெடுங்காலம் கிடந்தாராம், அந்த உடம்புக்குச் சூடு கொடுக்கச் சூரியன் வருகிறானாம். விஜயநகரச் சிற்பிகளின் கணக்கைப் பாராட்டி எழுதுகிறவர்கள் இந்த வாய்மொழிக் காரணத்தை ஓரமாக ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. வென்று வந்த கடவுளுக்கும் குளிர் எடுத்திருக்கும் என்று நினைத்த மனசு அது. அந்தச் சூடு முதலில் தொடுவது மீனாக இருக்கும் பகுதியை. முகத்துக்கு வருவது கடைசியில்தான்.

அடிபட்ட பிள்ளையிடம் நாம் எப்படிப் போகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். ‘எங்கே, சிரி பார்ப்போம்’ என்று முகத்தில்தான் தொடங்குகிறோம்.

இந்த ஊரின் பெயரிலேயே ஒரு தாய் இருக்கிறாள். கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாதேவியின் பெயரால் இதை அமைத்தார் என்பது மரபு. 1509 முதல் 1529 வரை ஆண்ட அந்த அரசரின் இளமையைப் பற்றிப் போர்த்துக்கீசிய வணிகர் நூனிஸ் ஒரு செய்தி எழுதியிருக்கிறார். அண்ணன் வீரநரசிம்மர் சாகும் தறுவாயில், தம் சிறுவயது மகன் பட்டத்துக்கு வரவேண்டும் என்பதற்காகத் தம்பியின் கண்களைப் பிடுங்கிவரச் சொன்னாராம். அமைச்சர் திம்மரசு ஓர் ஆட்டின் கண்களைக் கொண்டுபோய்க் காட்டி இளவரசரைக் காப்பாற்றினாராம். எனக்கு அரசு வேண்டாம், யோகியாகப் போய்விடுகிறேன் என்று அந்த இளைஞர் மன்றாடினாராம். வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் இதை நம்புவதில்லை. உண்மையோ கதையோ, சொந்த வீட்டிலேயே கண்ணுக்கு ஆபத்து வந்த ஒருவரைப் பற்றிய பேச்சு அன்றைய மக்களிடம் உலவியிருக்கிறது. அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்தக் கோயிலில் பாதி மீனாக ஒரு கடவுள் நிற்கிறார். இரண்டுக்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை, போடவும் மாட்டேன். பக்கத்தில் வைத்துப் பார்க்க மட்டும் கேட்கிறேன்.

பக்கத்தில் இன்னொரு கோயிலையும் பாருங்கள். ஊத்துக்கோட்டை போகிற சாலையில், ஆரணி ஆற்றங்கரையில் சுருட்டப்பள்ளி. ஆலகாலம் உண்ட சிவன் அங்கே லிங்கமாக இல்லாமல், சர்வமங்களாம்பிகையின் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கிறார். தேவர்களும் முனிவர்களும் சூழ நிற்கிறார்கள். அந்தச் சிற்பத்தில் யாரும் அவரை எழுப்பவில்லை. உலகத்தைக் காப்பாற்றியவர் எப்போது எழுந்து நடனமாடுவார் என்று கேட்கவில்லை. மயக்கம் தெளியும் வரை மடி இருக்கிறது, சுற்றிலும் ஆள் இருக்கிறது. இரண்டு கோயில்களும் ஒரே சாலையில் இருப்பது தற்செயலாக இருக்கலாம். இந்த வட்டாரத்தில் பிறந்த பிள்ளைகள் இந்த இரண்டு உருவங்களையும் பார்த்து வளர்கிறார்கள் என்பது பெரும்பேறு.

2. பூமரமான பெண்

உருமாற்றமும் காதலும் காயமும் ஆறுதலும் ஒரே கதையில் முழுமையாகக் கூடிவந்திருப்பதை நான் கண்டது ஒரு கன்னட வாய்மொழிக் கதையில். ஏ. கே. ராமானுஜன் தொகுத்தது. அவர் மறைவுக்குப் பின் 1997-இல் வெளியான தொகுப்புக்கு இந்தக் கதையின் பெயரைத்தான் வைத்தார்கள். ஜான் ஆடம்ஸ் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் இதை இசைநாடகமாக்கி 2006-இல் வியன்னாவில் அரங்கேற்றினார். கதையை என் சொற்களில் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

கூலி வேலை செய்து இரண்டு பெண்களைக் காப்பாற்றும் தாய். அம்மா படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் இளையவள் ஒரு வழி கண்டுபிடிக்கிறாள். அக்காளிடம் சொல்கிறாள்: இரண்டு குடம் தண்ணீர் கொண்டு வா, நகம் படாமல் கொண்டு வா. ஒரு குடத்தை என்மேல் ஊற்று, நான் பூமரம் ஆவேன். இலை கிழியாமல், கிளை ஒடியாமல் பூ மட்டும் பறித்துக்கொள். பிறகு இன்னொரு குடத்தை ஊற்று, நான் நானாவேன். அந்தப் பூவை அரண்மனை வாசலில் விற்றுக் காசு சேர்க்கிறார்கள்.

இது குழந்தைப் பருவக் காயத்தின் கதை என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்தத் தொடக்கமே. அடித்துத் துன்புறுத்தியவர் யாரும் இல்லை. வறுமை இருக்கிறது, தாயின் களைப்பு இருக்கிறது. அதைச் சரிசெய்யும் பொறுப்பை ஒரு சிறுமி தன் உடம்பின் மேல் ஏற்றுக்கொள்கிறாள். தாய்க்குக்கூடத் தெரியாமல். பெரியவர்கள் சுமக்க வேண்டியதைச் சுமந்து வளர்ந்த பிள்ளைகள் நம் ஊர்களில் எத்தனை பேர்! ‘பொறுப்பான பொண்ணு’ என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்போம்.

இளவரசன் மறைந்திருந்து இந்த மாற்றத்தைப் பார்த்துவிடுகிறான். மணம் செய்துகொள்கிறான். இன்றைய கதைகளில் பெரும்பாலும் இதோடு மங்களம் பாடிவிடுவார்கள். இந்தக் கதை சொன்ன பெண்கள் இங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்து தொடர்ந்திருக்கிறார்கள். கணவன் கேட்பது என்ன? எனக்காக மரமாகு. அவள் தயங்குகிறாள், மறுக்கிறாள், பிறகு ஒப்புகிறாள். ஓர் இரவு, மறு இரவு, ஒவ்வோர் இரவும். அறைக்கு வெளியே வாடிய பூக்கள் குவிகின்றன. அன்று அம்மாவுக்காக மாறியவள் இன்று புருஷனுக்காக மாறுகிறாள். அவன் கொடியவன் அல்லன், அன்பானவன்தான். ஆனாலும் அவள் ரகசியத்தை அவளுடைய வலியாகப் பார்க்காமல் தனக்குக் கிடைத்த அதிசயமாகப் பார்க்கிறான்.

குவிந்த பூவைக் கண்ட இளவரசனின் தங்கை அவளைத் தோழிகளோடு தோட்டத்துக்கு அழைத்துப்போகிறாள். மரமாகச் சொல்லி வற்புறுத்துகிறாள். அங்கே இலையைக் கிழிக்கிறார்கள், கிளையை முறிக்கிறார்கள். மழை வருகிறது. இரண்டாம் குடத்தை ஏனோதானோ என்று ஊற்றிவிட்டு ஓடிவிடுகிறார்கள். அவள் மனிதியாகத் திரும்புகிறாள், ஆனால் கையும் காலும் இல்லாமல், உடம்பெல்லாம் காயமாக, ஒரு துண்டாக. பருத்தி வண்டிக்காரன் ஒருவன் முனகல் கேட்டு எடுத்துத் தன் துணியைப் போர்த்தி, வேறோர் ஊர் அரண்மனைப் பக்கம் விட்டுவிட்டுப் போகிறான். அங்கே அரசியாக இருப்பவள் இளவரசனின் அக்காள்.

தன் அகந்தையால்தான் மனைவி போனாள் என்று எண்ணிய இளவரசன் பித்துப்பிடித்தவன்போல ஊர் ஊராக அலைந்து, ஒருநாள் அந்த ஊருக்கே வந்து சேர்கிறான். பேச்சு இல்லை, உணவு இல்லை. கடைசியில் அந்தத் துண்டு உடம்பை அவன் அறைக்குள் கொண்டுவந்து விடுகிறார்கள். கையில்லாத அவள் தன் உடம்பால் அவன் காலைத் தேய்க்கிறாள். முனகல் கேட்டு அவன் திரும்பிப் பார்க்கிறான். அடையாளம் தெரிகிறது.

இனி நடப்பதுதான் எனக்கு முக்கியம். முத்தம் இல்லை, மந்திரம் இல்லை, கண்ணீர் பட்டு உருவம் மாறவில்லை. அவள் சொல்கிறாள், அவன் கேட்கிறான். என்னை மறுபடி மரமாக்கு. முறிந்த கிளையை எடுத்து நிறுத்து. கிழிந்த இலையை ஒட்டவை. பிறகு தண்ணீர் ஊற்று. அடிபட்ட அதே உருவத்துக்கு அவள் தானே திரும்பிப் போகிறாள், இந்தமுறை நம்பத்தக்க ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது. காயம் பட்டது மரத்துக்கு, மருந்தும் மரத்துக்கே. மனித உருவில் எவ்வளவு தைலம் பூசினாலும் அந்தக் கை முளைத்திருக்காது. அவனோ ரசிகனாக இருந்ததை விட்டுவிட்டு, கிளை கிளையாக எடுத்துக் கட்டுகிற வேலையைச் செய்கிறான். முன்பு பூவைப் பார்த்தவன் இப்போது முறிவைப் பார்க்கிறான்.

கதையின் முடிவில் தீங்கு செய்த தங்கைக்குக் கொடிய தண்டனை வருகிறது. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தத் தங்கையும் சிறு பெண்தான். ஆனால் ஆறுதலின் முறையைப் பற்றி இந்தக் கதை சொல்லும் அளவுக்கு நுட்பமாக எந்த நவீன உருமாற்றக் காதல் நாவலும் சொல்லி நான் படித்ததில்லை.

3. யாரும் கேட்காத நீலி

காயம் ஆறாமல் போனால் என்ன உரு எடுக்கும் என்பதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போகவேண்டாம். திருவாலங்காட்டுக்கு அருகே பழையனூர். முற்பிறப்பில் நம்பிய கணவனால் கொல்லப்பட்ட பெண், நீலியாகிப் பழிவாங்க வருகிறாள். சில வடிவங்களில் அவளுக்கு நீலன் என்று உடன்பிறந்தவன் உண்டு. அவனையும் ஊரார் கொன்றுவிடுகிறார்கள். பழைய பிறவியின் கணவன் வணிகனாகப் பிறந்து அவ்வழியே வரும்போது, அவள் அவன் மனைவியின் உருவெடுத்து, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வேளாளர் அவையில் முறையிடுகிறாள். அவை அவளை நம்புகிறது. அவன் அஞ்சுகிறான். உனக்கு ஏதாவது நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிர் தருகிறோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். இரவில் அவன் இறக்கிறான். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

வேளாளரின் வாய்மைக்குச் சான்றாக இந்தக் கதையைக் காலம் காலமாகச் சொல்கிறோம். நான் நீலியின் பக்கம் நின்று ஒன்று கேட்கிறேன். உண்மையாகவே கொல்லப்பட்டபோது அவளுக்காக எந்த அவையும் கூடவில்லை. பொய் உருவம் எடுத்து, கள்ளிக்கட்டையைக் குழந்தை என்று காட்டிய பிறகுதான் அவளுக்குக் காது கிடைத்தது. சொன்னால் நம்பமாட்டார்கள் என்று கற்றுக்கொண்ட பிள்ளை, நம்பும்படியான வேறொன்றாக மாறிக்கொள்ளும். சில பிள்ளைகள் காரணம் இல்லாத வயிற்றுவலியாக, சில பிள்ளைகள் பொய்யாக, சில பிள்ளைகள் கைநீட்டுகிற முரடாக. 1979-இல் வந்த ‘நீயா?’ படத்தின் நாகமும் இந்த வழியில் வந்தவள்தான். இணையை இழந்து பழிவாங்க வந்தவள்.

இதே நீலிக்கு இன்னொரு முடிவும் தமிழில் உண்டு. சமணக் காப்பியமான ‘நீலகேசி’. 1936-இல் அ. சக்கரவர்த்தி பதிப்பித்தது. சுடுகாட்டில் தவம் செய்யும் முனிச்சந்திர முனிவரை விரட்ட வருகிறாள் பழையனூர் நீலி. பயங்கர உருவங்கள் காட்டுகிறாள், அவர் அசையவில்லை. அரசிளங்குமரியின் உருவெடுத்து மயக்கப் பார்க்கிறாள், அவர் மயங்கவில்லை. நீ யார் என்று எனக்குத் தெரியும் என்கிறார். அடிக்கவில்லை, ஓட்டவில்லை, மந்திரித்துக் கட்டவில்லை. அதோடு அவள் ஓய்கிறாள். பிறகு அந்தக் காப்பியம் முழுவதும் அவள் அவையேறி வாதம் செய்யும் அறிவாளி. பழையனூர் அவையில் வேறொருத்தியின் முகத்தோடு பேசியவள், இங்கே தன் பெயரிலேயே பேசுகிறாள்.

4. சொன்ன சொல்

கிருஷ்ணதேவராயரிடம் திரும்பி வருகிறேன். அவர் தெலுங்கில் எழுதிய ‘ஆமுக்தமால்யதா’ நம் ஆண்டாளின் கதை. இங்கிருக்கும் தெலுங்கு நண்பர்களுக்கு அதில் வரும் மாலதாசரி கதை நன்றாகத் தெரிந்திருக்கும். திருக்குறுங்குடிப் பெருமாளைப் பாடப்போகும் பக்தர், வழிதவறிப் பிரம்மராட்சசன் கையில் சிக்குகிறார். பாடிவிட்டுத் திரும்பிவந்து உனக்கு உணவாகிறேன் என்று சத்தியம் செய்கிறார். போகிறார். பாடுகிறார். திரும்பிவருகிறார். ராட்சசன் திகைத்துப்போகிறான். உன் பாட்டின் பலனைக் கொஞ்சம் கொடு என்று காலில் விழுகிறான். அவன் முன்பு சோமசர்மன் என்ற அந்தணன். சாபத்தால் இந்த உரு வந்தது. உரு நீங்குகிறது. தமிழ் வைணவ மரபில் இதுவே நம்பாடுவான் கதை. கார்த்திகை மாதக் கைசிக ஏகாதசி இரவில் திருக்குறுங்குடியில் நாடகமாக நடக்கிறது. நலிந்துபோன அந்த நாடகத்துக்குப் பேராசிரியர் சே. இராமானுஜம், அனிதா ரத்னம் முதலியோர் 1999-இல் புத்துயிர் கொடுத்தார்கள்.

பாட்டால் உரு மாறியது என்று பக்தர்கள் சொல்வார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ராட்சசன் பாட்டைக் கேட்கவே இல்லை. அது தொலைவில் கோயிலில் பாடப்பட்டது. அவன் கண்ணால் கண்டது ஒன்றுதான்: வருகிறேன் என்று சொல்லிப்போன ஒருவர் வந்தார். ‘வரமாட்டான்’ என்பதுதான் அதுவரை அவன் உலகம். அடிபட்டு வளர்ந்தவர்கள் அன்பைவிட அதிகமாகச் சோதித்துப் பார்ப்பது இதைத்தான். ஐந்து மணிக்கு வருகிறேன் என்றால் ஐந்து மணிக்கு வருகிறாயா? யாரிடமும் சொல்லமாட்டேன் என்றால் சொல்லாமல் இருக்கிறாயா?

சொல் தவறினால் என்ன ஆகும் என்று புதுமைப்பித்தன் எழுதினார். 1943-இல் கலைமகளில் வந்த ‘சாபவிமோசனம்’. இராமன் பாதம் பட்டு அகலிகை கல்லிலிருந்து பெண்ணாகிவிட்டாள். புராணம் அதோடு அவளை விட்டுவிட்டது. புதுமைப்பித்தன் அதற்கப்புறம் நடக்கும் அன்றாடத்தைப் பார்த்தார். ஊர் பேசும் பேச்சுக்கு அஞ்சுகிறாள், கணவனோடு இயல்பாக இருக்கத் தவிக்கிறாள். அவளுக்கு இருந்த ஒரே பிடிமானம், தன்னை மீட்டவன் தன்னைக் களங்கமற்றவளாகக் கண்டான் என்பது. அவனே சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று சீதை வாயாலேயே கேள்விப்பட்டதும் மறுபடி கல்லாகிவிடுகிறாள். பாதம் பட்ட ஒரு கணத்தில் கிடைத்த விடுதலையை ஒரு செய்தி எடுத்துக்கொண்டு போய்விட்டது. மன நோய் மருத்துவர்கள் இன்று விரிவாகச் சொல்லும் ஒன்றைத் தமிழ்ச் சிறுகதை அன்றே சொல்லிவிட்டது என்பதில் எனக்குப் பெருமிதம் உண்டு.

5. இன்றைய கதைகள் பிழைபடும் இடம்

இப்போது இளைஞர்களிடம் நேராகப் பேசுகிறேன். உங்கள் கதைகளில் இரண்டு விஷயங்களோடு எனக்குச் சண்டை உண்டு.

ஒன்று, விதித்த ஜோடி. பார்த்த கணமே வாசனையால் அறிகிறான், இவள்தான் தன் துணை. அவளுக்கு வேறு வழியே இல்லை. குழந்தையாக இருந்தபோது ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை பறிக்கப்பட்ட ஒருவருக்கு, ‘வேண்டாம்’ என்று சொல்லவே முடியாத காதலை மருந்தாகக் கொடுப்பது பெரும் தவறு. கிரீஷ் கர்னாட் 1988-இல் எழுதிய ‘நாகமண்டலா’வை நினைத்துப் பாருங்கள். ராணி என்ற சிறு வயது மனைவியைக் கணவன் இரவும் பகலும் வீட்டில் பூட்டிவைக்கிறான். இரவில் நாகம் அவன் உருவில் வந்து அவளை ஆற்றித் தேற்றுகிறது. அன்பு உண்மைதான். ஆனால் யாரிடம் அன்பு கொள்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாது. அந்த அன்புக்குள் ஒரு வஞ்சனை இருக்கிறது என்பதைக் கர்னாட் மறைக்கவில்லை. பூமரக் கதையின் பெண் இதற்கு நேர்மாறு: எப்போது மரமாவது, எப்படித் தண்ணீர் ஊற்றுவது என்று கடைசியில் அவள்தான் சொல்கிறாள்.

இரண்டாவது, காதலே வைத்தியம் என்ற நம்பிக்கை. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் எழுதிய புகழ்பெற்ற நூலில், மீட்சிக்கு ஒரு வரிசை சொல்கிறார். முதலில் பாதுகாப்பு. பிறகு நடந்ததை நினைத்துத் துக்கிப்பது. அதன் பிறகே மற்றவர்களோடு உறவுக்குத் திரும்புவது. இங்கே சூரிய ஒளி மூன்று நாளில் ஏறுவதோடு இதைப் பொருத்திப் பார்க்க ஆசை வரும். எண் பொருத்தம் வேண்டாம், வரிசையைப் பாருங்கள். காதல் கதைகள் மூன்றாவதில் தொடங்குகின்றன. பாதுகாப்பு இல்லாத இடத்தில் காதல் வந்தால் அது இன்னொரு பூட்டிய அறையாகத்தான் முடியும்.

இது கதைக்குள் மட்டும் உள்ள பிரச்சினை என்று நினைக்காதீர்கள். 1998-இல் ஃபெலிட்டி, அண்டா என்ற மருத்துவர்களும் தோழர்களும் வெளியிட்ட ஆய்வு, குழந்தைப் பருவத் துன்பம் மனத்தோடு நிற்பதில்லை, முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து இதய நோய் வரைக்கும் அதன் சுவடு போகிறது என்று காட்டியது. 2007-இல் இந்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டது. ஆந்திரமும் அதில் ஒன்று. பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதைச் சொன்னார்கள். செய்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்கு முன்பே தெரிந்தவர்கள் அல்லது அதன் நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருந்தவர்கள். 2012-இல் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் வந்தது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. சட்டமும் எண்ணும் அவசியம். ஆனால் அந்த எண்ணை அழுத்தும் முன் ஒரு பிள்ளைக்குத் தனக்கு நடந்ததைச் சொல்ல ஏதோ ஒரு வழி வேண்டும். எனக்குள் ஒரு ஓநாய் இருக்கிறது என்று எழுதும் பெண், தன் கோபத்துக்கு முதல்முறையாக ஓர் உடம்பு கொடுக்கிறாள். அதனால்தான் இந்தக் கதைகளை நான் தள்ளச் சொல்லவில்லை, திருத்தச் சொல்கிறேன்.

ஆசிரியர்களே, வகுப்பில் மேசைக்கடியில் இப்படி ஒரு கதை பிடிபட்டால் கைப்பேசியைப் பிடுங்கிப் பலர் முன்னால் உரக்கப் படித்துக் காட்டாதீர்கள். தனியாக அழைத்து, எந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாய் என்று மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம். அடுத்த வாரமும் கேட்கலாம். பதில் வந்து, அதில் வீட்டு ஆள் ஒருவரின் பெயரும் வந்தால், ‘அவர் அப்படிப்பட்டவர் இல்லையே’ என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

எழுத விரும்பும் மாணவ மாணவியரே, உங்களுக்கு ஒரு வேலை. ஆங்கிலக் கதைகளின் பனிக்காட்டு ஓநாயை விட்டுவிட்டு நாகலாபுரத்து மலையைப் பாருங்கள். ஓநாய்க் கூட்டத்துக்கு ஈடாக நம்மிடம் புற்று இருக்கிறது, நாகம் இருக்கிறது, மீன் இருக்கிறது, மரமாகும் பெண் இருக்கிறாள். உங்கள் பாட்டிமார்களிடம் உருமாறியவர்கள் கதை கேளுங்கள். 1960-இல் ஆந்திரத்துக்கும் தமிழகத்துக்கும் இடையே எல்லைக்கோடு மாறியபோதும் இந்தக் கதைகள் இரு பக்கமும் போய்வந்துகொண்டுதான் இருந்தன. தெலுங்கில் சொன்னால் தெலுங்கிலேயே எழுதிவையுங்கள். எந்த ஊர்க்காரர், யாரிடம் கேட்டார், யாருக்குச் சொன்னார் என்று குறித்துவையுங்கள். எந்த இடத்தில் சொல்வதை நிறுத்திச் சற்று மௌனமாக இருந்தார் என்பதையும் குறியுங்கள். ராமானுஜன் போன்றவர்கள் கன்னடத்துக்குச் செய்ததை இந்த எல்லைப்புறத்துக்குச் செய்ய வேண்டியவர்கள் நீங்கள்தான்.